கான்சாகிபு தீர்த்த கணக்கு

மதுரை நகருக்குள் தொடங்கி நத்தம் சாலையின் மேல் ஏழு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் மேம்பாலத்தில் ஏறி இறங்கி, அழகர்மலைத் தொடரை ஒட்டித் திருச்சியை நோக்கிச் செல்கிறவர்கள், நத்தம் கணவாயைக் கணவாய் என்று உணராமலே கடந்துவிடுகிறார்கள். 270 ஆண்டுகளுக்கு முன் அது அடர்ந்த காடு. 1755 மே மாத இறுதியில், திருநெல்வேலிச் சீமையில் வரி தண்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அந்தக் காட்டுப்பாதையில் சிக்கிச் சிதறியது. ஒற்றை வரிசையாக நீண்டு சென்ற படையின் பின்பகுதி மீது கள்ளர்கள் பாய்ந்தார்கள். மூட்டை முடிச்சுகளைச் சுமந்து சென்றவர்கள் வெட்டப்பட்டார்கள். அந்த மூட்டைகளில் ஒரு கோயிலிலிருந்து எடுத்துவரப்பட்ட தெய்வத் திருமேனிகளும் இருந்தன. அவற்றைக் கண்டதும் சாமி சாமி என்று கூவியபடி கள்ளர்கள் மீட்டுச் சென்றதாக அக்கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தப் படையில் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கியவர் முகமது யூசுப் கான். பிறந்தபோது அவர் பெயர் மருதநாயகம். தென்பாண்டி மக்கள் வாயில் அவர் கும்மந்தான் கான்சாகிபு. கமாண்டன்ட் என்ற ஆங்கிலச் சொல்லை நம்மவர்கள் கும்மந்தான் ஆக்கிக்கொண்டார்கள்.

வீரர் என்று அவரைப் புகழ்வோரும் துரோகி என்று இகழ்வோரும் எழுதியவை ஏராளம். இரண்டுக்கும் சான்று உண்டு. எனக்கு அவர் வாழ்க்கையில் வேறொன்று முக்கியமாகப்படுகிறது. அந்நிய மண்ணுக்குப் படையை அனுப்புவது, அது தோற்றுத் திரும்பும்போது யாரோ ஒருவரைக் கூண்டில் ஏற்றுவது, அனுப்பியவர்கள் மட்டும் எந்தக் கேள்விக்கும் உட்படாமல் நகர்ந்துவிடுவது என்ற வழக்கம் நம் தாமிரபரணிக் கரையில் எப்படி நடந்தேறியது என்பதை முதலிலிருந்து கடைசிவரை அருகில் நின்று கண்டவர் அவர். கடைசியில் அந்தக் கணக்கு அவர் தலையிலேயே தீர்க்கப்பட்டது.

1725ஆம் ஆண்டையொட்டி, இராமநாதபுரம் சீமையின் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் அவர் பிறந்ததாகச் சொல்கிறார்கள். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறினார், இஸ்லாத்தைத் தழுவினார், புதுச்சேரியில் ஐரோப்பியர்களிடம் வேலை பார்த்தார், பல மொழிகளைக் கற்றார். தஞ்சாவூர், நெல்லூர் என்று அலைந்து சிப்பாய்த் தொழிலைப் பழகினார். அந்த நாளில் தென்னாட்டில் வேலை வாய்ப்பு மிகுந்த துறை அதுவாகத்தான் இருந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதினார்கள். முன்னவர் பின்னால் ஆங்கிலேயரும் பின்னவர் பின்னால் பிரெஞ்சுக்காரரும் நின்றார்கள். 1752ஆம் ஆண்டு வாக்கில் தன் சிறு படையுடன் ராபர்ட் கிளைவிடம் சேர்ந்த யூசுப் கான், அடுத்த இரண்டு ஆண்டுகள் திருச்சிராப்பள்ளி முற்றுகையில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் கீழ் போரிட்டார். எதிரியின் அசைவை முன்கூட்டி அறிவதிலும், முற்றுகைக்குள் சிக்கிய நகருக்கு உணவு வண்டிகளைக் கொண்டுவந்து சேர்ப்பதிலும் அவருக்கு நிகர் இல்லை என்று லாரன்ஸ் கருதினார். கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

1754 இறுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தற்காலிகமாகச் சமாதானம் செய்துகொண்டார்கள். பொருளியல் படித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனெனில் நெல்லைப் படையெடுப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. நவாப் முகமது அலி தன் பதவிக்காக நடந்த போரின் செலவைக் கம்பெனிக்குக் கடன்பட்டிருந்தார். அதைத் திருப்பித் தர அவரிடம் பணம் இல்லை. காகிதத்தில் மட்டும் அவருக்குச் சொந்தமாக இருந்த மதுரையும் திருநெல்வேலியும் அவருக்குப் பல ஆண்டுகளாகச் சல்லிக்காசு தரவில்லை. மறுபுறம் சமாதானத்தால் வேலையற்றிருந்த சிப்பாய்களுக்குக் கம்பெனி சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. வசூலாகாத கடனும் சும்மா இருக்கும் படையும் ஒரே மேசையில் சந்தித்தால் என்ன முடிவு எடுக்கப்படும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

திருநெல்வேலி ஏன் குறியாயிற்று என்பதற்கும் விளக்கம் வேண்டாம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணி, தென்மேற்குப் பருவமழையாலும் வடகிழக்குப் பருவமழையாலும் நீர் பெறும் ஆறு. நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், சுத்தமல்லி, மருதூர் என்று நீளும் பழைய அணைக்கட்டுகள் அந்த நீரைக் காரும் பிசானமுமாக இரண்டு போக நெல்லாக மாற்றின. மானாவாரிச் சீமைகள் வானம் பார்த்துக் கிடக்க, இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் விளைச்சல் ஏறக்குறைய உறுதியாக இருந்தது. கடன் கொடுத்தவன் கண்ணுக்கு இதைவிட நல்ல பிணை எது? படை நெல்லையை அடைந்தது 1755 மார்ச் நடுவில்; பிசான அறுவடை முடிந்து நெல் களத்துக்கு வரும் காலம். இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஜார்ஜ் பிகாட் சென்னையின் ஆளுநர் ஆனார். அவருடைய ஆலோசனைக் குழுவின் உத்தரவின்படி 500 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் புறப்பட்டார்கள். தலைமை, இந்த நாட்டுக்குப் புதியவரான கர்னல் ஹெரான். கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ் கான் தன் குதிரைப்படையுடன் வந்தார். மதுரை எதிர்ப்பின்றிப் பணிந்தது. அங்கே ஆட்சி செய்துவந்தவர் தப்பி ஓடி அருகிலிருந்த கோயிலுக்குள் புகுந்துகொண்டார். ஆவணங்கள் கோயில்குடி என்று குறிக்கும் அந்த இடம் திருமோகூர் என்று கருதப்படுகிறது. ஏணிகளோ பெரிய பீரங்கிகளோ இல்லாத நிலையில் கோயில் கதவுக்குத் தீ வைக்க முடிவாயிற்று. முதல் தீப்பந்தத்தைக் கர்னல் ஹெரானே எடுத்துச் சென்றார். இரண்டாவது பந்தம் யூசுப் கான் கையில் இருந்தது.

பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவர் கையில் அந்தப் பந்தம் இருந்ததை, அவரை விடுதலை வீரராக மட்டும் காட்ட விரும்புவோர் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடக் கூடாது. கோயிலிலிருந்த திருமேனிகள் வாரி எடுக்கப்பட்டன. விலை கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. பணம் வராததால் அவை படையின் மூட்டையிலேயே கிடந்தன. நத்தம் காட்டில் நடந்ததற்கான வித்து அன்றே விழுந்தது.

நெல்லைச் சீமையில் நடந்தது இன்னும் கொடுமை. பாளையக்காரர்கள் சிலர் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். சிலர் நாள் கடத்தினார்கள். சிலர் பிணையாட்களைத் தந்து படையை நகர்த்தினார்கள். நெல்லைக்குத் தெற்கே ஒரு கோட்டையில் எதிர்ப்பு வந்தபோது, உள்ளிருந்த சுமார் 400 பேரில் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி 6 பேர் தவிர மற்ற அனைவரும் கொல்லப்பட்டார்கள். அந்த எண்களைப் பதிவு செய்தவர் கம்பெனியின் பக்கம் நின்று எழுதிய ஓர்ம்தான். மறுபுறம், நெற்கட்டும்செவலில் பூலித்தேவனின் கோட்டைக்கு முன் ஹெரானின் பீரங்கிகளுக்குக் குண்டு பற்றாக்குறை ஏற்பட்டது. குறைத்துக் கேட்ட தொகையையும் பூலித்தேவன் கொடுக்க மறுத்தார். படை வெறுங்கையுடன் திரும்பியது.

இதற்கிடையில் பிரெஞ்சுக்காரர்கள் திருச்சி வட்டாரத்தில் மீண்டும் அசைகிறார்கள் என்ற கவலை சென்னையைப் பிடித்துக்கொண்டது. உடனே திரும்புமாறு ஹெரானுக்கு உத்தரவு பறந்தது. போகும்போது இருந்த அவசரம் வரும்போதும் இருந்தது. மதுரை, திருநெல்வேலி இரண்டையும் மாபூஸ் கானுக்குக் குத்தகைக்கு விட்டு, சிப்பாய்களில் ஒரு பகுதியினரை அவரிடம் நிறுத்திவிட்டு, மற்றவர்களுடன் ஹெரான் கிளம்பினார். படை நடத்திய செலவுக்கே, திரட்டிய தொகை போதவில்லை. அந்த நிலையில்தான் நத்தம் கணவாய் வந்தது.

சென்னையில் ஹெரான் மீது இராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தது. அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிப் பணிநீக்கம் செய்யப்பட்டார். விசாரணையில் முதன்மையாக எழுந்தவை பண விவகாரங்கள்: யாரிடம் என்ன அன்பளிப்பு வாங்கினார், குத்தகையை எப்படி விட்டார் என்பவை. கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால், கொல்லப்பட்ட அந்த 400 பேருக்காக யாரும் கூண்டில் ஏறவில்லை. அதைவிட அடிப்படையான கேள்வி எழவேயில்லை: வரி வசூலைப் போராக நடத்தலாம் என்று முடிவு செய்தவர்கள் யார்? நாட்டையும் மக்களையும் அறியாத ஒருவரைத் தலைவராக்கியவர்கள் யார்? திரும்பி வரும் வழியைப் பற்றிச் சிந்திக்காமல் திடீரென்று அழைத்தவர்கள் யார்? விசாரணைக்கு உத்தரவிட்டவர்களே விடையாக இருந்ததால் கேள்வி மேசைக்கு வரவில்லை.

இது அன்றைய ஆங்கிலேயருக்கு மட்டும் உரிய குணம் அன்று. 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்ததற்காகப் பிரான்ஸ் 1766இல் தளபதி லாலியின் தலையைப் பாரிசில் வெட்டியது. அவருக்குப் போதிய பணமும் கப்பலும் அனுப்பாத அமைச்சர்கள் பதவியில் இருந்தார்கள். 1842இல் காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலேயப் படை பனிமலைக் கணவாய்களில் ஏறத்தாழ முழுமையாக அழிந்தது. தளபதி எல்பின்ஸ்டன் கைதியாகவே இறந்தார். அந்தப் போருக்கு முடிவெடுத்த கவர்னர் ஜெனரல் ஆக்லாந்து சில ஆண்டுகளிலேயே பிரிட்டிஷ் கடற்படைத் துறையின் அமைச்சரானார். அதே காபூலிலிருந்து 2021 ஆகஸ்டில் அமெரிக்கா வெளியேறியபோது விமான நிலைய வாசலில் நடந்த குண்டுவெடிப்பில் 13 அமெரிக்க வீரர்களும் ஏராளமான ஆப்கானியர்களும் மாண்டார்கள். இரு கட்சிகளும் ஒன்றையொன்று குற்றம்சாட்டிக்கொண்டன. இருபது ஆண்டுகள் அங்கே இருக்க முடிவு செய்தது எப்படி என்ற கேள்வி, கடைசி இரண்டு வாரங்கள் பற்றிய சச்சரவில் மூழ்கிப்போனது.

யூசுப் கானிடம் திரும்புவோம். ஹெரான் போனார், குழப்பம் நின்றது. மாபூஸ் கானால் குத்தகைப் பணத்தைத் தண்ட முடியவில்லை. பூலித்தேவன் தலைமையில் மேற்குப் பாளையங்கள் கூட்டணி அமைத்தன. 1756இல் கம்பெனி யூசுப் கானைத் திருநெல்வேலிக்கு அனுப்பியது. முதல் தோல்வி விட்டுச்சென்ற நிலுவையைச் சரிக்கட்ட, அந்தத் தோல்வியைக் கூட இருந்து பார்த்தவரே அனுப்பப்பட்டார். இடையில் மாபூஸ் கானே எதிரிகளோடு சேர்ந்தார். 1757இல் மதுரையை மீட்கக் கம்பெனி போரும் செய்து பணமும் கொடுக்க வேண்டியிருந்தது. 1758 இறுதியில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது யூசுப் கான் வடக்கே அழைக்கப்பட்டார். பிரெஞ்சுப் படையின் உணவு வழிகளைத் துண்டித்து அதை அலைக்கழித்ததில் அவர் பங்கு பெரிது. முற்றுகை நீங்கியதும், 1759இல், நவாபின் எதிர்ப்பையும் மீறி, மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் குத்தகைக்கு அவரிடமே விடப்பட்டன.

அடுத்த மூன்று ஆண்டுகள்தாம் அவர் வாழ்க்கையின் உச்சம். பாளையங்கோட்டைக் கோட்டை தெற்கே அவருக்குத் தளமாயிற்று. அந்தக் கோட்டையின் வாசல்களில் ஒன்றை, மேடைக் காவல் நிலையம் என்ற பெயரில் இன்றும் நாம் தினமும் கடந்துபோகிறோம். மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து பிடுங்கப்பட்டிருந்த சொத்து வருவாயைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். கோயில் கதவுக்குத் தீப்பந்தம் ஏந்திய அதே கை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கண்மாய்களைச் செப்பனிட்டார், வணிகரையும் நெசவாளரையும் கொள்ளையிலிருந்து காத்தார், பாதைகளில் பயமின்றிப் போகும் நிலையை உண்டாக்கினார். போர்த்துகீசிய வழிவந்த கிறித்தவப் பெண் ஒருவரை மணந்திருந்தார். 1760இல் இலங்கையிலிருந்து தூத்துக்குடியில் இறங்கி ஆழ்வார்திருநகரி வரை வந்த டச்சுப் படை, அவருடைய சிப்பாய்கள் நெருங்குவதை அறிந்து திரும்பிப் போனது. தாமிரபரணிக் கரை கண்ட படை வாபஸ்களில் ரத்தம் குறைவாகச் சிந்தியது இதுதான்.

நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் 1761 மே மாதம் அவர் வசமாயின. பூலித்தேவனை வீழ்த்தியவர் கான்சாகிபுதான். நெல்லைக்காரனாகிய எனக்கு இதை எழுதுவது இன்றும் எளிதாக இல்லை. ஆனால், ஹெரானால் முடியாததைத் தான் செய்து காட்டினால் கம்பெனி தன்னைக் கைவிடாது என்று அவர் நம்பியிருக்க வேண்டும். அது அவர் செய்த மிகப் பெரிய கணக்குப் பிழை.

குத்தகை முறையின் உள்ளமைப்பைப் பார்த்தால் அந்தப் பிழை விளங்கும். குத்தகைதாரர் நன்றாக ஆண்டால் வருவாய் பெருகும். வருவாய் பெருகினால் உரிமையாளருக்கு ஆசை பெருகும். மோசமாக ஆண்டால் நிலுவை சேரும். நிலுவைக்குத் தண்டனை உண்டு. இரண்டு வழியிலும் முடிவு ஒன்றே. யூசுப் கானின் கீழ் சீமை செழிப்பதைக் கண்ட நவாப், அவர் தனக்கு அடங்கியவராக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நவாப் கடனை அடைத்தாக வேண்டும் என்பதே கம்பெனியின் கவலை. ஆகவே 1762இல் தன் கும்மந்தானை நவாபிடம் ஒப்படைக்க அது இசைந்தது. ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன், குத்தகையை நீட்டியுங்கள் என்று யூசுப் கான் கேட்டுப் பார்த்தார். ஏற்கப்படவில்லை. சென்னைக்கு வரச் சொன்னார்கள், அவர் போகவில்லை. 1763இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

பிறகு நடந்தது தமிழ்நாடு அறிந்த கதை. 1763இன் பிற்பகுதியில் கர்னல் மான்சன் தலைமையில் வந்த படை மதுரையை முற்றுகையிட்டு, சேதம் அடைந்து, மழையில் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு மேஜர் சார்லஸ் கேம்பல் வந்தார். 1764 ஜூன் 26 அன்று நடந்த நேரடித் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. ஆகவே நகருக்கு உணவு போகும் வழிகளை அடைத்தார்கள். பசி செய்ய வேண்டியதைச் செய்தது. அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்தபோது, திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சு அதிகாரி மார்சாந்தும் அவர்களைச் சேர்ந்தவர்களும் அவரைக் கட்டிப் பிடித்து ஒப்படைத்தார்கள். அக்டோபர் 15 அன்று மதுரை சம்மட்டிபுரம் அருகே தூக்கிலிட்டார்கள். விசாரணை எதுவும் இல்லை. ஹெரானுக்குக் கிடைத்த நீதிமன்றம்கூட இவருக்குக் கிடைக்கவில்லை. கம்பெனியின் தங்கப் பதக்கம் பெற்றவரைக் கம்பெனி, நவாபின் கிளர்ச்சிக் குடிமகன் என்று கூறி அவர் கையில் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது.

ஓர் ஆண்டுக் குறிப்பை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1755இல் ஹெரானை நெல்லைக்கு அனுப்பிய, யூசுப் கானைக் குத்தகைதாரர் ஆக்கிய, பின் நவாபிடம் விட்டுக்கொடுத்த காலம் முழுவதும் ஆளுநராக இருந்தவர் பிகாட். பெரும் செல்வத்தோடு 1763 இறுதியில் இங்கிலாந்து திரும்பினார். 1764 டிசம்பரில் அவருக்குப் பரோனெட் பட்டம் கிடைத்தது. சம்மட்டிபுரத்தில் கயிறு இறுகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் பிரபுப் பட்டமும் வந்தது.

என் தெருவில் ஒருவர் இருந்தார். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதி காக்கும் படையில் பணியாற்றியவர். அமைதியைக் காக்கப் போன படை சில மாதங்களுக்குள் புலிகளுடன் போரில் இறங்கியது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ஈழத் தமிழ்ப் பொதுமக்கள் பட்ட துயரம் தனி. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு மாநில முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவர் தரப்பு; நாட்டுக்காகப் போரிட்டவர்களை அவமதிப்பதா என்பது எதிர்த்தரப்பு. இந்த வாதம் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஓயவில்லை. நானும் வகுப்பறையில் இரு பக்கமும் பேசக் கேட்டிருக்கிறேன். உண்மையில் இரு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் என் தெருக்காரர் இரண்டிலும் கலந்துகொண்டதில்லை. ஒருமுறை மட்டும் என்னிடம் கேட்டார்: எங்களை வரவேற்றார்களா இல்லையா என்று எல்லாரும் பேசுகிறார்களே, எங்களை எதை நம்பி அனுப்பினார்கள் என்று ஏன் சார் யாருமே கேட்பதில்லை? என்னிடம் பதில் இல்லை.

அனுப்பிய பிரதமர் ராஜீவ் காந்தி 1989 தேர்தலில் ஆட்சியை இழந்தார்; அத்தேர்தலில் போபர்ஸ் பேசப்பட்ட அளவுக்கு யாழ்ப்பாணம் பேசப்படவில்லை. மீட்ட பிரதமர் வி.பி. சிங்கின் அரசு அந்த ஆண்டே கவிழ்ந்தது. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, அந்தப் போரைப் பற்றி நிதானமாகக் கேட்கக்கூடிய சூழலும் அவரோடு போயிற்று. கொலையை ஆராய ஆணையங்கள் அமைந்தன. படையை அனுப்பிய முடிவையும் நடத்திய விதத்தையும் ஆராய ஆணையம் அமையவில்லை. 1962 சீனப் போர்த் தோல்விக்காகக் கிருஷ்ண மேனன் பதவி விலகியதாவது நடந்தது. அந்தத் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை.

போருக்கு அனுப்பும் முடிவைப் பின்னாளில் நீதிமன்றக் குற்றம்போல ஆராய முடியாது என்பார்கள். முடிவெடுத்தவர்களுக்கு அன்று தெரிந்தது என்ன என்பதை இன்று தெரிந்ததைக் கொண்டு அளக்கக் கூடாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அன்று அவர்களுக்குத் தெரிந்தது என்ன என்பதைத்தானே நாம் கேட்கிறோம்? கோப்புகளைத் திறந்தால் அவர்கள் நியாயமும் வெளிவரும். 1755இன் கம்பெனி தன் ஆலோசனைக் குழுவின் குறிப்புகளை எழுதி வைத்தது. அதனால்தான் 1914இல் எஸ்.சி. ஹில் யூசுப் கானின் வாழ்க்கையை ஒரு நூலாக எழுத முடிந்தது. அடிமைப்படுத்த வந்த வணிகக் கம்பெனியின் குறிப்பேடுகள் நமக்குக் கிடைக்கின்றன. நாம் வாக்களித்து அமைத்த அரசின் குறிப்பேடுகள் கிடைப்பதில்லை.

மக்கள் நினைவு வேறு வகையில் பதிவு செய்தது. கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடல் தென்மாவட்டங்களில் வழங்கிவந்தது. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தின் மேல் 1808இல் எழுப்பப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. ஹெரானுக்கோ அவரை அனுப்பியவர்களுக்கோ இங்கே தெரு எதுவும் இல்லை.

யூசுப் கானுக்குப் பிறகு தாமிரபரணியின் நெல் வருவாய் நவாபிடம் போனது. நவாப் தம் வருவாய்களைச் சென்னையில் இருந்த கம்பெனி ஊழியர்களிடமே வட்டிக்கு அடகு வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கடன் விவகாரங்களில், 1775இல் மீண்டும் ஆளுநராக வந்த பிகாட், தம் ஆலோசனைக் குழுவோடு மோதினார். 1776 ஆகஸ்டில் குழுவினர் அவரையே கைது செய்தார்கள். மறுஆண்டு மே மாதம் காவலிலேயே இறந்தார். கைது செய்தவர்கள் மீது லண்டனில் வழக்கு நடந்தது. 1780இல் ஆளுக்கு 1,000 பவுன் அபராதம் என்று தீர்ப்பாயிற்று. கட்டிவிட்டுப் போனார்கள்.

தூக்கிலிட்ட பின் யூசுப் கானின் உடலைத் துண்டித்து, அவர் மீண்டும் எழுந்துவிடுவாரோ என்ற அச்சத்தில் வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்பது வழக்கு. தலை திருச்சிக்குப் போனதாம். கைகள் பாளையங்கோட்டைக்கு வந்தனவாம்.